ரீஃபைண்ட் பூட் மேனேஜர்: நம்பிப் போடலாமா?

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலைக்குப் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் வேண்டும். அதனால் விண்டோஸை விட முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ் மின்ட், நோண்டிப் பார்க்க இன்னொரு லினக்ஸான டெபியன். மூன்றும் ஒரே 512 ஜிபி எஸ்எஸ்டியில். ஆன் செய்ததும் எதற்குள் போவது என்று கேட்கும் பூட் மேனேஜர் வேலையை, லினக்ஸோடு வரும் க்ரப்பிடமிருந்து பிடுங்கி ரீஃபைண்டிடம் கொடுத்துவிட்டேன்.

க்ரப் தான் எழுதி வைத்த பட்டியலைத்தான் படிக்கும். டெபியனில் கெர்னல் (லினக்ஸின் மையக் கோப்பு) மாறினால் மின்ட்டின் க்ரப்புக்கு அது தெரியாது. மின்ட்டுக்குள் போய்ப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2.06 பதிப்பிலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் வசதியை அணைத்தே கொடுக்கிறார்கள். ராடெரிக் ஸ்மித் எழுதிய ரீஃபைண்ட் பட்டியலே வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் துழாவி, அப்போது இருப்பதைக் காட்டும்.

எனக்கு இதில் பிடித்ததே பார்ட்டிஷன் சங்கதிதான். விண்டோஸ் தனக்கென்று போட்டுக்கொள்ளும் ஈஎஸ்பி (பூட் கோப்புகள் இருக்கும் சின்ன பார்ட்டிஷன்) பெரும்பாலும் 100 எம்பிதான். சிஸ்டம்டி-பூட் என்ற இன்னொரு பூட் மேனேஜரைப் போட்டால் கெர்னல்களையும் அதற்குள்ளேயே திணிக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக இன்னொரு பூட் பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். ரீஃபைண்டுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனின் ஈஎக்ஸ்டி4 வடிவத்தைப் படிக்கும் டிரைவர் உண்டு. கெர்னல் லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே கிடக்கலாம். அதனால் ஈஎஸ்பியைத் தொடாமல் விண்டோஸுக்கு 180, மின்ட்டுக்கு 60, டெபியனுக்கு 40 ஜிபி என்று பிரித்து, மிச்சத்தை மூன்றும் படிக்கிற மாதிரி விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் டேட்டா பார்ட்டிஷனாக விட்டேன். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (ஷட் டவுன் செய்தாலும் முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் வைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸில் அந்த டேட்டாவைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. சில சமயம் அந்த பார்ட்டிஷன் திறக்கவே திறக்காது. (இப்படி இரண்டும் போட்டால் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவதற்கும் ரீஃபைண்டுக்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தையும் எடுத்துக்கொள்வதால் வரும் வம்பு அது.)

குறை இல்லாமல் இல்லை. முதல் தடவை திரை முழுக்க ஐகான்கள்: கெர்னல் ஒரு பக்கம், அதே மின்ட்டின் க்ரப் இன்னொரு பக்கம். வேண்டாததன் மேல் நின்று டிலீட் கீயைத் தட்டினால் மறைந்துவிடும், கோப்பு அழியாது. நான் க்ரப்பை மட்டும் மறைக்காமல் விட்டிருக்கிறேன், ஒரு பாதுகாப்புக்கு. காத்திருக்கும் நேரம் 20 வினாடி. கான்ஃபிக் கோப்பில் 5 ஆக்கிக்கொண்டேன்.

கையெழுத்திட்ட மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் செக்யூர் பூட்தான் தலைவலி. அதை ஆனிலேயே வைக்க வேண்டுமென்றால் ஷிம் என்ற கையெழுத்திட்ட இடைநிரலைப் போட்டு, ரீஃபைண்டின் சாவியைப் பதிவு செய்து என்று வேலை நீளும். புதிதாக வருபவர் மிரண்டுபோவார். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட மெஷின் என்றால், எதிலும் கை வைக்கும் முன் அதைத் திறக்கும் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். ஃபோட்டோ எடுத்து அதே லேப்டாப்பில் போட்டு வைக்காதீர்கள்!

விண்டோஸும் ஒரே ஒரு லினக்ஸும் என்றால் க்ரப்பே போதும், இதைத் தேடிப் போக வேண்டாம். என்னைப் போல இரண்டு லினக்ஸோ அதற்கு மேலோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், மெஷின் யூஈஎஃப்ஐயாக (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) இருந்தால். பழைய பயாஸில் ரீஃபைண்ட் ஓடாது.