பில்லில் பாதிப் பெயர்: புதுக் கணினி வாங்கி நான் ஏமாந்த விதம்

2023ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில், என் வேலைக்கும் மகனின் விளையாட்டுக்கும் பொதுவாக ஒரு கணினி வாங்கலாம் என்று காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். 75,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, நான் கேட்ட கணினியைப் போலவே தோற்றமளித்த வேறொரு கணினியோடு திரும்பி வந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தத் தெருவிலும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்கியிருக்கிறேன். பழுதான பொருளை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். எனக்கு நடந்ததில் பெரும்பகுதியை மோசடி என்று நிரூபிக்கவே முடியாது என்பதால்தான், அது நடந்த விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளானும் 3டி எலிவேஷனும் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு வீட்டின் முகப்பை மரம், செடி, கண்ணாடி, தரை ஓடு எல்லாவற்றோடும் அமைத்து ரெண்டர் செய்யும்போது, அதாவது முழுப் படமாக மாற்றும்போது, அந்தக் காட்சி முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை இழுத்தடிக்கும், அல்லது பாதியில் நின்றே போகும். அதனால்தான் விளையாட்டுக்கு 8 ஜிபி கார்டே போதும் என்று மகன் சொல்லியும் கேட்காமல், 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060ஐத் தேர்ந்தெடுத்தேன். அதோடு ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ரேம், கோப்புகளைச் சேமிக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் வெண்கலச் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்று எல்லாவற்றையும் நிறுவனப் பெயரோடும் மாடல் எண்ணோடும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு கடைகளில் 78,000க்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாவது கடையில், கல்லாவில் இருந்தவர் தாளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிட்டு 75,000 என்றார்.

காரியம் கெட்டது அடுத்த இரண்டு நிமிடத்தில்தான். அவர் என் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையின் எஸ்டிமேட் நோட்டில் புதிதாக ஒரு பட்டியல் எழுதினார்: ரைசன் 5, 14,500; பி550, 10,500; 16 ஜிபி ரேம், 4,800; ஆர்டிஎக்ஸ் 3060, 31,000; 1 டிபி என்விஎம்இ, 5,700; 550 எஸ்எம்பிஎஸ், 4,900; கேபினட், 3,600. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்தேன். என் தாள் சாமான் எடுக்கப் போன பையனின் கையோடு மாடிக்குப் போயிற்று, திரும்பி வரவில்லை. பில்லும் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்தே போடப்பட்டது. 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட அந்த பில்லில் எல்லாம் முறையாகவே இருந்தது. பொருள்களின் பெயர்கள் மட்டும் பாதிதான் இருந்தன, சீரியல் எண் ஒன்றுகூட இல்லை.

மாடியில் வைத்துப் பொருத்திக் கொண்டு வந்தார்கள். பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். “பஸ்ஸுல போறேன்றீங்க, இத்தனை அட்டைப்பெட்டியத் தூக்கிட்டு எப்படி சார் போவீங்க? வாரண்டிக்கு பில் இருந்தா போதும்” என்றார். கிராபிக்ஸ் கார்டின் பெட்டியை மட்டும், மகன் ஆசைப்படுவானே என்று வாங்கிக்கொண்டேன். அந்தப் பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் ஓர் உண்மை அச்சிடப்பட்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில், மகன் ஜிடிஏ 5 விளையாடிக்கொண்டிருக்கும்போது கணினி தானாக அணைந்து மீண்டும் எழும்பத் தொடங்கியது. முதலில் ஈபியைத் திட்டினேன், பிறகு பழைய யுபிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் எங்கள் தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பி வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைக் காட்டி, “அண்ணா, இதைப் படிச்சீங்களா?” என்றான். வெளியே பெரிதாக அச்சிட்டிருந்த 550 என்பது அதன் மாடல் பெயரில் வரும் ஓர் எண்; அதன் பக்கத்தில் வாட் என்ற சொல்லே இல்லை. 80 பிளஸ் முத்திரையும் இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசசருக்கும் மின்சாரம் போவது 12 வோல்ட் தடத்தில்தான். ஸ்டிக்கரில் அதற்கு நேரே 22 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டை இருபத்திரண்டால் பெருக்கினால் 264 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட் இழுக்கும். 65 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசசர், முழு வேகத்தில் ஓடும்போது அதையும் தாண்டும். மதர்போர்டு, விசிறிகள், எஸ்எஸ்டி ஆகியவற்றையும், கார்டு கணநேரத்துக்கு எகிறி இழுக்கும் மின்சாரத்தையும் மிச்சமிருக்கும் முப்பது வாட்டுக்குள் எப்படி அடக்குவது? இது போதாதென்று, கார்டுக்கான எட்டு முனை இணைப்பு அந்த எஸ்எம்பிஎஸ்ஸிலேயே கிடையாது. பழைய ஹார்டு டிஸ்குகளுக்குச் செருகும் மோலெக்ஸ் இணைப்பில் ஒரு மாற்று ஒயரைப் பொருத்தி, அதிலிருந்து கார்டுக்கு மின்சாரம் கொடுத்திருந்தார்கள். அந்த ஒயரின் பிளாஸ்டிக் முனை ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த தம்பி, அன்று இரவு கணினியைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் ஐயாயிரம் ரூபாய் செலவழித்து வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன், அணைவது நின்றது. இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். பத்து நாள் கழித்து, ஒரு மாடி வீட்டின் முகப்பை ரெண்டர் செய்தபோது, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு பிளெண்டர் நின்றது. அதே கோப்பைத் தாம்பரத்தில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். அவரிடமும் 3060தான், அவர் கணினியில் தடையின்றி ஓடியது. அவர் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கார்டின் நினைவகத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்: 8 ஜிபி. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிப் பார்த்தால், மூலையில் அதையேதான் போட்டிருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் வந்தது 12 ஜிபி. அதன் நினைவகப் பாதை 192 பிட் அகலம், நொடிக்கு 360 ஜிபி கடத்தும். 2022 இறுதியில் அதே பெயரில் வந்த 8 ஜிபி கார்டின் பாதை 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் 3,584 என்பதால், அதை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் நினைவகத்தின் அளவு மட்டுமல்ல, அதன் வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இப்படிப் பெயர் வைத்ததற்கு அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயர் திறந்துவிட்ட ஓட்டையை அவர் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மீதி எல்லாவற்றையும் சோதித்தேன். பிராசசர் 5600 அல்ல, 5500. முதல் நாளே டாஸ்க் மேனேஜரில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் என்று பார்த்துத் திருப்தியடைந்தது என் முட்டாள்தனம், ஏனென்றால் அந்தக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். 5600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, 5500இல் 16 எம்பி; விளையாட்டுகளில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மேலும் 5500 தருவது பிசிஐஇ (கார்டையும் எஸ்எஸ்டியையும் பிராசசரோடு இணைக்கும் தடம்) 3.0 வரைதான் என்பதால், 4.0க்காகவே அதிக விலை கொடுத்து எடுத்த பி550 மதர்போர்டில் கார்டும் எஸ்எஸ்டியும் 3.0 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. ரேம் 16 ஜிபியாக ஒரே துண்டு, அதுவும் 2666இல் ஓடியது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் இயக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைக்கூடச் செய்யவில்லை. எஸ்எஸ்டியை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சோதனை மென்பொருளில் திறந்தபோது, அது ஓடிய நேரம் 4,112 மணி என்று காட்டியது. நான் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்கு மொத்தமே 744 மணி நேரம்தான்.

அச்சுப் பிரதிகளோடு மறுபடி கடைக்குப் போனேன். “சார், நீங்க 3060 கேட்டீங்க, 3060 குடுத்தோம். ரைசன் 5 கேட்டீங்க, ரைசன் 5 குடுத்தோம். பில்லுல என்ன போட்டிருக்கோ அதான உள்ள இருக்கு?” என்றார். கோபம் இல்லாமல், பொறுமையாகவே சொன்னார். அந்தப் பதிலைப் பலமுறை சொல்லிப் பழகியவர் போலிருந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றிக் கேட்டதற்கு, எந்தத் தாள் என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்த பிறகு, எஸ்எஸ்டியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், ஏனென்றால் பயன்படுத்தியதைப் புதியது என்று விற்றதற்கு மட்டுமே என்னிடம் சான்று இருந்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 1,200 ரூபாய் தந்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டால் போதும். ஆனால் பிராசசர், கார்டு, ரேம் மூன்றிலும் பில் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. நான் பின்னர் விசாரித்த விலைகளின்படி, இந்த மாற்றங்களில் அவர்களுக்கு மிஞ்சியது பத்தாயிரத்துக்கு மேல்.

சென்ற மாதம் என் அக்கா மகனுக்குக் கணினி வாங்க அதே தெருவில் வேறொரு கடைக்குப் போனபோது, எஸ்டிமேட்டை நானே எழுதினேன். கார்டுக்கு நேரே நினைவக அளவு, பிராசசருக்கு நேரே நான்கு இலக்கமும், ரேமுக்கு எத்தனை துண்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நிறுவனமும் முழு மாடலும். பில்லில் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் ஏறிய பிறகே பணம் கொடுத்தேன். பிராசசரை மூடிய பெட்டியிலிருந்து கண்ணெதிரே எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் பெட்டியில்லாமல் வரும் டிரே பிராசசருக்கு ஏஎம்டியின் மூன்றாண்டு வாரண்டி நேரடியாகக் கிடைக்காது. அந்தக் கடைக்காரர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. எட்டு அட்டைப்பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார். பஸ்ஸில் நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போட்டதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

என் கணினியில் இருப்பது இன்னும் அதே 8 ஜிபி கார்டுதான். பெரிய வீடாக இருந்தால் கட்டடத்தை ஒரு கோப்பிலும், தோட்டத்தையும் சுற்றுச்சுவரையும் இன்னொரு கோப்பிலும் தனித்தனியாக ரெண்டர் செய்து, பிறகு ஒட்டிக்கொள்கிறேன்.