ஆக்டேவில் படம் கருப்பாக வந்தால்: க்யூடியா, க்னூபிளாட்டா, பழைய பதிப்பா?

கணக்குப் போட்டுப் படம் வரையும் மென்பொருளான ஆக்டேவின் புதுப் பதிப்பை ஏற்றிய மறுநாள் காலை, அதைத் திறந்து சோம்ப்ரெரோ என்று தட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் தட்டுவது அதைத்தான். மெக்சிகோ தொப்பி ஒன்று முப்பரிமாணத்தில் வந்து நிற்கும். சன்னல் திறந்தது. மேலே ‘ஃபிகர் 1’ என்று இருந்தது, உள்ளே கன்னங்கரேல். ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது தொப்பி ஒரு நொடி பளிச்சிட்டு மறைந்தது. அப்படியென்றால் கணக்கு சரி, அதைத் திரைக்குக் கொண்டுவருவதில்தான் கோளாறு.

ஆக்டேவில் படம் வரைய மூன்று கருவிகள் உண்டு: க்யூடி, எஃப்எல்டிகே, க்னூபிளாட். 2015-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து க்யூடிதான் இயல்பானது. அது ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக வரைகிறது, அதாவது கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நம்பி இருக்கிறது. மேம்படுத்தும்போது புது நூலகங்களும் கூடவே வந்து இறங்கும். என் பழைய மடிக்கணினியின் டிரைவருக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போகவில்லை.

முதலில் எஃப்எல்டிகே. (இதை ‘ஃபுல்டிக்’ என்று உச்சரிக்க வேண்டுமாம்.) கிராஃபிக்ஸ் டூல்கிட் கட்டளையில் பெயரை மாற்றினால் போதும், பத்து விநாடி வேலை. ஆனால் மாற்றிய பிறகு திறக்கும் சன்னல்களுக்கே அது பொருந்தும். பழையதை மூடாமல் “மாற்றியும் சரியாகவில்லையே” என்று புலம்பக் கூடாது. நான் புலம்பினேன். மூடிவிட்டுப் பார்த்தாலும் கருப்புதான். இதுவும் ஓபன்ஜிஎல் ஆயிற்றே, ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அப்புறம் க்னூபிளாட். 1986-இல் பிறந்தது, பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் படைப்பு அல்ல. இதற்கு ஓபன்ஜிஎல் தேவையே இல்லை, தொப்பி உடனே வந்தது. வரைபடம், ஹிஸ்டோகிராம், கட்டுரைக்கான கோட்டுப் படம் இவற்றோடு உங்கள் வேலை முடிந்துவிடும் என்றால் இங்கேயே நின்றுவிடலாம். எனக்கு அப்படி இல்லை. ஆக்டேவ் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குழாய் வழியே க்னூபிளாட்டுக்கு அனுப்புகிறது. தொப்பிக்கு 41-க்கு 41 கட்டம்தான், தாமதம் தெரியாது. என் வெப்பநிலைப் புலம் 1000-க்கு 1000, பத்து லட்சம் புள்ளிகள். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன், அப்போதும் பாதி. பொத்தான், ஸ்லைடர் வைத்த சன்னல்களும் இதில் வராது. ஆனால் திரையே இல்லாத சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வசதி) வழியாக நுழைந்திருக்கும்போது இதற்கு ஈடு இல்லை: ‘டம்’ (dumb) என்ற வெறும் எழுத்து வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால் சைன் அலையை நட்சத்திரக் குறிகளாலேயே முனையத்தில் வரைந்து காட்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. க்யூடியையே வைத்துக்கொண்டு, கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் ஒதுக்கிவிடுவது. லினக்ஸில் ‘லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர்’ என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு) 1 என்று கொடுத்துவிட்டு ஆக்டேவைத் தொடங்கினால், லினக்ஸின் ஓபன்ஜிஎல் நூலகமான மெசா சிபியுவை வைத்தே வரைந்துவிடும். பொத்தான், ஒளியமைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். தொப்பியைச் சுழற்றினால் கொஞ்சம் திணறும், விசிறி இரையும். என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டிருப்பவர்களுக்கு இது பலிக்காது, அது மெசாவின் பேச்சைக் கேட்பதில்லை.

பழைய பதிப்புக்கே திரும்புவதா? ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். மற்றபடி, அடுத்த சிஸ்டம் அப்டேட்டில் அதே தலைவலி திரும்ப வந்து நிற்கும்.

“பைத்தானுக்கு வந்துவிடு” என்றார் பக்கத்து மேசை நண்பர். பைத்தானின் படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பின் ‘ஆக்’ வரைவான் ஓபன்ஜிஎல்லைத் தொடுவதே இல்லை, அது உண்மை. ஆனால் மூன்று வருட ஸ்கிரிப்டுகளை யார் மாற்றி எழுதுவது, ஆக்டேவில் ஒன்றிலிருந்து எண்ணிய வரிசைகளையெல்லாம் பைத்தானுக்காகப் பூஜ்யத்திலிருந்து எண்ணி? தவிர, 2017-இல் மேட்பிளாட்லிப் 2.0 வந்தபோது இயல்பு நிறத்தொகுதி ஜெட்டிலிருந்து விரிடிஸுக்கு மாறியது. நேற்றுவரை நீலமும் சிவப்புமாக இருந்த படங்கள் ஊதாவும் மஞ்சளுமாக வந்தன. வீட்டுக்கு வீடு வாசற்படி.

இப்போது ஆக்டேவ் ஷார்ட்கட்டிலேயே அந்த மாறியைச் சேர்த்துவிட்டேன், சர்வரில் மட்டும் க்னூபிளாட். டிரைவருக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாக நேற்று ஒரு அறிவிப்பு வந்தது. செமினார் முடியும் வரை அதைத் தொடுவதாக இல்லை.