பழைய கட்டடத்தோடு புதிய பகுதி சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

தாத்தா காலத்து மாடிக் கட்டடம் ஒன்று எனக்கும் அக்காவுக்கும் பொதுவில் வந்தது. பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் இடிக்க முடியாது. இடிக்கும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. உள்ளே ஆறு வீடுகளாகத் தடுத்து, பின்பக்கம் புதிதாக ஒரு பகுதி சேர்த்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விட நினைத்தோம். அனுமதி வாங்கினோம், கடன் வாங்கினோம், ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைத்தோம். அங்கேதான் ஏமாந்தோம்.

முதல் சந்திப்பில் ஒரு ஆல்பம் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பழைய கட்டடங்கள். "எல்லாம் நாங்க புதுப்பிச்சதுதாங்க" என்றார். எங்கள் சுவரில் விரிசல் விழுந்த பிறகுதான் அதில் ஒரு கட்டடத்துக்கு நேரில் போய் விசாரித்தேன். அங்கே அவர் செய்தது வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தது மட்டும்தான். கையெழுத்துப் போடும் முன் போயிருக்க வேண்டும்.

சமையலறை, குளியலறை, கழிப்பறை, மாடிப்படி எல்லாவற்றையும் புதிய பகுதியில் வைத்துத்தான் ஆர்க்கிடெக்ட் வரைந்திருந்தார். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பழைய சுவரைத் தொடாமல் இருக்கத்தான் அந்தப் பகுதியே. கான்ட்ராக்டர் யாரையும் கேட்காமல் இரண்டு கழிப்பறைகளைப் பழைய மாடிக்கு மாற்றிவிட்டார். மரத்தளத்தின் மேல் கான்கிரீட் கொட்டிக் குழாய் பதித்திருந்தார். இணைப்பில் கசிந்த தண்ணீர் உத்தரங்களின் நுனிக்கு இறங்கியது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி காற்றுப் படாத இடம். நனைந்தால் காயாது, உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் உத்தரம் நன்றாகவே தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நடந்தது. பழைய கட்டடம் மண்ணில் இறங்க வேண்டியது எல்லாம் எப்போதோ இறங்கி நின்றுவிட்டது. புதிதாகக் கட்டுவது முதல் சில ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே அடியிலிருந்து மேல்வரை இடைவெளி விட வேண்டும். எங்கள் வரைபடத்தில் 50 மில்லிமீட்டர் என்று தெளிவாகவே இருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பழைய சுவரில் துளை போட்டுக் கம்பி செருகி, புதிய தளத்தை அதோடு பிணைத்துக் கான்கிரீட் போட்டுவிட்டார். அது போதாதென்று, பழைய அஸ்திவாரத்தை ஒட்டியே, அதன் அடிமட்டத்துக்கும் கீழே, முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டினார். சிறு சிறு துண்டாகத் தோண்டி, ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைத் தொட வேண்டிய வேலை அது. முன்னதாக ஒரு சோதனைக் குழி வெட்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்றுகூடப் பார்க்கவில்லை.

மழை முடிந்ததும் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறியது. "பூச்சு விரிசல்தான், பட்டி வச்சா போயிடும்" என்றார். வேறொரு இன்ஜினியரை அழைத்து வந்தோம். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தார். 19ஆம் நாள் அது உடைந்தது. சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பேச்சு மாறியது: "இந்த விரிசல் முன்னாலேயே இருந்துச்சுங்க." இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. இந்த மாதிரி வேலைகளுக்கு வரைபடமும் புகைப்படமும் சேர்ந்த துல்லியமான பதிவு எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 16ஆவது பிரிவு. ஆர்க்கிடெக்ட் சொன்னபோது அதை வெறும் காகித வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட்டோம். ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு மூலையையும் தேதியோடு படம் எடுத்து, கான்ட்ராக்டரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக் காரை பூசிய சுவர்மேல் சிமென்ட் பூசியதும் அவர்தான், சீக்கிரம் காயும் என்று சொல்லி. பழைய செங்கல் சுவரில் ஏறும் ஓதம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நிற்க, உப்புப் பூத்து, செங்கல் முகம் பொரிந்து உதிர்கிறது. கீழ்த்தளத்தில் இப்போது கை வைத்தாலே தூள் கொட்டுகிறது.

பணத்தைப் பற்றி ஒன்று. ஒப்பந்தத் தொகை மற்றவர்கள் கேட்டதைவிட மிகக் குறைவு. சுவரைத் திறக்கத் திறக்க "கூடுதல் வேலை" என்று பில் வந்துகொண்டே இருந்தது. பழைய கட்டடத்தில் எதிர்பாராதது வரத்தான் செய்யும். ஆனால் அதற்கான தொகையையும் அளவையும் முதலிலேயே தனியாக எழுதி வைக்கவில்லை என்றால், கேட்பதைக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. நாங்கள் வேலை முடியும் முன்பே 90 சதவீதம் கொடுத்துவிட்டோம். நிறுத்திவைக்கப் பணம் இல்லாதபோது அவர் போனையே எடுக்கவில்லை.

இப்போது வேறொரு குழு புதிய தளத்தைப் பழைய சுவரிலிருந்து அறுத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறது. கடன் கூடிவிட்டது, முதலில் சொன்ன வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று அக்காவும் நானும் தினமும் கணக்குப் போடுகிறோம். வீடு கேட்டுப் பெயர் கொடுத்த ஆறு குடும்பங்களில் இரண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. மற்ற நான்கு குடும்பங்களுக்கும் போன வாரம் நேரில் போய் நிலைமையைச் சொல்லிவிட்டு வந்தோம்.