180 என்று காட்டும், நம்பிவிடாதீர்கள்: ஓ.டி.ஜி.யோடு ஆறு கிறிஸ்துமஸ்

போன வாரம் தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, உங்கள் வீட்டில் இருக்கும் அதே ஓவன் இரண்டாயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் அது பழுது பார்க்கப்பட்டு வீடு திரும்பியிருந்தது. அதன்மேல் எனக்கு இருந்த கோபம் தணியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தது இவ்வளவு நீளமாகிவிட்டது.

ஓ.டி.ஜி. என்பது சுடவும் வாட்டவும் உதவும் சின்ன மின்சார ஓவன். என்னுடையது 28 லிட்டர், 1600 வாட், மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, ஒரு விசிறி, கோழியைக் குத்திச் சுழற்றும் ஒரு கம்பி (இன்றுவரை உறையைக்கூடப் பிரிக்கவில்லை). இதெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிடாதது ஒன்று உண்டு: வெப்பத் திருகு பொய் சொல்லும்.

2019 டிசம்பரில் முதல் தட்டு வெண்ணெய் பிஸ்கட்டை உள்ளே வைத்தேன். நட்சத்திர வடிவம், நடுவில் ஒரு துளி ஜாம். குறிப்பில் இருந்தபடியே 180 டிகிரி, 12 நிமிடம். வெளியே வந்தபோது அடி கரி, நடு மாவு. என்னைத்தான் நொந்துகொண்டேன். வெண்ணெய் சரியில்லை, மாவைச் சரியாகச் சலிக்கவில்லை, கை ராசி இல்லை என்று இரண்டு வருடம் பழியெல்லாம் என் தலையில். பிறகு நானூறு ரூபாய்க்கும் குறைவாக ஓர் ஓவன் வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். திருகு 180-இல். முள் 215-இல். சிவப்பு விளக்கு அணைந்தது, முள் மெல்ல இறங்கி 175-க்கு வந்தது, 'டிக்' என்று ஒரு சத்தம், மறுபடி கம்பிகள் பழுத்தன. கதவுக்கு முன் முக்காலி போட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடப் பழி தலையிலிருந்து இறங்கியது.

நியாயமாகச் சொல்வதென்றால், ஏறி இறங்குவது குற்றமில்லை. இந்த விலையில் கிடைக்கும் ஓவன்களில் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிவைத்த தெர்மோஸ்டாட்தான் இருக்கும். சூட்டில் ஒன்று அதிகம் நீளும், மற்றது குறைவாக நீளும். பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் நிமிர்ந்து சேர்க்கும். அந்த 'டிக்' அதுதான். ஆனால் ஏற்ற இறக்கத்தின் நடுப்புள்ளியாவது திருகில் எழுதிய எண்ணாக இருக்க வேண்டாமா? என்னுடையதில் அது பதினைந்து டிகிரி தள்ளியிருந்தது. பெரிய பேக்கரி அடுப்பில் இது தெரியாமல் போகலாம். இங்கே பழுத்த கம்பிக்கும் பிஸ்கட்டின் அடிக்கும் நடுவே நாலு விரற்கடை. உத்தரவாதக் காலத்தில் வந்து பார்த்த பையன் கதவைத் திறந்தான், மூடினான், "இது இப்படித்தான் இருக்கும் அம்மா" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அந்த வாக்கியத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தையும் அச்சு முறுக்கையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சுக்கும் கருப்பட்டியும் போட்ட பிஸ்கட் என் பங்கு. உடன்குடிக் கருப்பட்டியைச் சீவி, சலித்து (சலிக்காவிட்டால் பல்லில் மணல்), வெண்ணெயோடு தேய்த்துச் செய்வது. இந்த மாவு உள்ளே போகும்போதே பழுப்பு. அதனால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. மூக்குதான் துணை. முதலில் வெண்ணெய் வாசனை வரும், பிறகு சுக்கு, கடைசியில் பாகு முறுகுவதற்கு முந்தைய ஒரு வாசனை. அதற்குப் பிறகு அரை நிமிடம்கூடக் கிடையாது. கதவைத் திறந்து பார்க்கலாமே என்றால், திறந்ததும் சூடு இறங்கும், கம்பிகள் வெறிகொண்டு பழுக்கும், மேல்பக்கம் கருகும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி: திருகை 150-இல் வைப்பது, அடிச்சூட்டைத் தடுக்கக் கீழ்த்தட்டில் ஒரு வெறும் தட்டைச் செருகுவது, எட்டாவது நிமிடத்தில் தட்டை ஒரே ஒருமுறை திருப்புவது. பின்பக்க இடது மூலைதான் அதிகம் சுடும். வெட்டிய பிஸ்கட்டை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும். டிசம்பர் குளிரில் வெண்ணெய் கெட்டியாக இருக்கும் என்று சமையல் குறிப்பு எழுதுபவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, பாளையங்கோட்டையில் இல்லை. இந்த எண்களையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். ஆறு வருடத்தில் நோட்டு நிறைந்துவிட்டது.

இனி பிரெட்சலுக்கு வருகிறேன். மாவைக் கயிறாக உருட்டி, முடிச்சுப் போட்டுச் சுடும் ஜெர்மன் ரொட்டி அது. இந்த ஓவனை நான் தெருவில் எறியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

2018 குளிர்காலத்தில் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். காலையில் வெண்ணெய் தடவிய பிரெட்சல் பழகிவிட்டது. அந்தப் பக்கத்துப் பிரெட்சலுக்குக் கைகள் மெலிந்து மொறுமொறுப்பாக இருக்கும், வயிறு தடித்து மெத்தென்று இருக்கும், வயிற்றில் கத்தியால் ஒரு கீறல் போட்டிருப்பார்கள். பக்கத்துப் பவேரியாவில் கீற மாட்டார்கள், அது தானாகவே வெடிக்கும். எது உசத்தி என்று அங்கே பேச்சை ஆரம்பித்தால் முடியாது. நம் ஊரில் திருநெல்வேலி அல்வாவா, மஸ்கோத் அல்வாவா என்பதுபோல.

பிரெட்சலின் நிறத்துக்கும் அந்தத் தனி மணத்துக்கும் காரணம் காரம். மிளகாய்க் காரமில்லை, வேதியியல் காரம். அங்கே பேக்கரிகளில் சுமார் நான்கு சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முக்கி எடுப்பார்கள். அதை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. கொதிநீரில் ஆப்பச் சோடா போட்டு முக்கிப் பார்த்தேன், மஞ்சள் காமாலை வந்த பிரெட்சல்தான் கிடைத்தது. அப்போதுதான் சோடாவையே சுட வேண்டும் என்று தெரிந்தது. எவர்சில்வர் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் 130 டிகிரியில் வைத்தால், நீரும் கரியமில வாயுவும் வெளியேறி அது சோடியம் கார்பனேட் ஆகிவிடும். சோடாவைவிட நல்ல வீரியம். ஓவன் எத்தனை பொய் சொன்னாலும் சோடா கருகாது என்பதால், இந்த ஒரு வேலையை நிம்மதியாகச் செய்வேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கை வைக்கக் கூடாது, இடுக்கிதான். அலுமினியமும் ஆகாது. ஈரப் பிரெட்சலை அலுமினியத் தட்டில் நேராக அடுக்கியதில் அது கறுத்துப் புள்ளிபுள்ளியாக அரித்துவிட்டது.

முக்கி எடுத்து, தூத்துக்குடிக் கல் உப்பை ஒன்றிரண்டாகத் தட்டித் தூவி, திருகை 200-இல் வைத்தேன். உள்ளே உண்மையில் 235 வரை ஏறியிருக்கும். பதினோராவது நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தட்டில் இருந்தது புளியங்கொட்டை நிறம். அதே கருஞ்சிவப்பு, அதே பளபளப்பு. கீறின இடம் மட்டும் வெள்ளையாக மலர்ந்திருந்தது. வீடியோ அழைப்பில் தம்பியிடம் காட்டினேன். கடையில் வாங்கினாயா என்று கேட்டான். எந்த வெறி பிஸ்கட்டைக் கருக்கியதோ, அதே வெறிதான் பிரெட்சலுக்கு அந்தத் தோலைக் கொடுத்தது. நம் ஊர்க் காற்றில் உப்பு மறுநாள் காலைக்குள் கசிந்து தோல் சுருங்கிவிடும், அன்றன்றே தின்றுவிட வேண்டும். அது எங்கள் வீட்டில் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை.

மற்றவை சுருக்கமாக. கைத்திருகு டைமரைப் பத்து நிமிடத்துக்குக் குறைவாக வைக்க வேண்டுமானால் முதலில் இருபதுக்குத் திருப்பி, பிறகு பின்னால் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மணி அடிக்காது. சாதாரண பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். நான் ஒன்றை உருக்கியிருக்கிறேன். உட்சுவர் துடைக்க எளிது. கதவுக் கண்ணாடி சுத்தமாகவே ஆகாது.

போன மாதம் கீழ்க்கம்பி ஒன்று போய்விட்டது. கடைத்தெருவில் மிக்சி பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். 700 ரூபாய்க்குப் புதுக் கம்பி போட்டுவிட்டு, கேட்காமலேயே இன்னொன்றும் செய்தார். "சூடு அதிகமாக இருந்தது அம்மா, உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, சரிசெய்துவிட்டேன்." உத்தரவாதத்துப் பையன் இப்படித்தான் இருக்கும் என்று சொன்ன அதே சங்கதி. வீட்டுக்கு வந்து வெப்பமானியைத் தொங்கவிட்டேன். ஏறி இறங்கினாலும் நடுவே சரியாக 180. ஆறு வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது.

அன்று மாலை வழக்கம்போல 200-இல் பிரெட்சல் வைத்தேன். வெளிறிப்போய் வந்தது. கருப்பட்டி பிஸ்கட் 150-இல் வேகவே இல்லை, அடியில் செருகிய வெறும் தட்டு வேறு. நாற்பது பக்க நோட்டில் ஒரு எண்கூட இப்போது செல்லாது. திருகை 230-க்குத் தள்ளினால் பழைய பிரெட்சல் வரும் என்று அறிவுக்குத் தெரிகிறது, வந்தும் விட்டது. ஆனாலும் அந்த மனிதர் மேல் கோபம்.

தங்கை மகளுக்கு நேற்று பதில் சொன்னேன். வாங்காதே. இரண்டாயிரம் குறைந்தாலும் வாங்காதே, திருகு பொய் சொல்லும் என்றேன். "உங்களுடையதுதான் சரியாகிவிட்டதே பெரியம்மா" என்றாள். அது வேறு விஷயம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். டிசம்பருக்குள் நோட்டைத் திருத்தியாக வேண்டும். சிவப்புப் பேனாவோடு பதினேழாம் பக்கம் வரை வந்திருக்கிறேன்.