ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் நடைச்சுற்றுலா: கைடுக்காகவே போகலாம்

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை ஏதென்ஸில் ஒரு நடைச்சுற்றுலாவில் சேர்ந்தேன். பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்று, கீழே இருக்கும் அருங்காட்சியகம், கடைசியில் பழைய நகரப் பகுதியான பிளாக்காவின் தெருக்கள், மொத்தம் நாலு மணி நேரம். சின்ன நிறுவனம், குழுவில் பன்னிரண்டு பேர்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைடாக வந்த அம்மாவுக்கு முழு மதிப்பெண், நேரத்தைப் பிரித்த விதத்துக்குப் பாதிகூடக் கொடுக்க மாட்டேன்.

கட்டணத்தில் நுழைவுச்சீட்டு சேராது. குன்றுக்கு 30 யூரோ, அதையும் நேரம் குறித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 2023 முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஏமாற்றம்தான். இன்னொன்று, கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் உரிமம் பெற்ற கைடு மட்டுமே குழுவுக்கு விளக்கம் சொல்லலாம். அந்த அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். எல்லோரும் குன்றின் பெரிய கோயிலான பார்த்தினானைப் பார்த்து ஓட, கைடு அம்மா எங்களை எரெக்தியான் கோயில் பக்கம் நிறுத்திவிட்டார். இந்த நகரம் யாருக்கு என்று அதீனா தேவிக்கும் கடல் தெய்வம் பொசைடனுக்கும் போட்டி என்பது புராணம். பொசைடன் சூலத்தால் பாறையைக் குத்த உப்புத்தண்ணீர் பீறிட்டது, அதீனா ஒரு ஒலிவ மரத்தை முளைக்க வைத்தாள், மரம்தான் வென்றது. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் சூலம் பட்ட தடம் என்று அந்தக் காலத்து ஆட்கள் காட்டிய பள்ளத்தையும், அதற்கு நேர் மேலே கூரையில் வேண்டுமென்றே விட்ட திறப்பையும் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு. கிமு 480இல் பாரசீகர்கள் குன்றைக் கொளுத்திய மறுநாளே அந்த ஒலிவ மரத்தின் கருகிய அடிமரத்திலிருந்து ஒரு முழத்துக்குத் துளிர் விட்டிருந்தது என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது. கோயில் பக்கத்தில் இப்போதும் ஒரு ஒலிவ மரம் நிற்கிறது, பிற்காலத்தில் நட்டதுதான், இருந்தாலும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்தோம்.

போகிற போக்கில் மொழியும் கற்றுக்கொடுத்தார். பார்த்தெனோஸ் என்றால் கன்னி, அதிலிருந்து வந்தது பார்த்தினான். மரத்தின் பெயர் எலியா, எண்ணெய் லாதி. ‘நே’ என்றால் ‘ஆமாம்’ (நான் நாள் முழுக்க அதை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டேன்), தலையை லேசாக மேலே தூக்கினால் ‘இல்லை’. தங்கள் நாட்டை அவர்கள் கிரீஸ் என்று சொல்வதே கிடையாது, எல்லாதா என்கிறார்கள். பழைய கிரேக்கர்களில் ஒரு பிரிவான அயோனியர் பற்றிப் பேச்சு வந்தபோது நம் யவனர் என்ற சொல்லின் வேர் அதுதான் என்று நான் சொல்ல, உடனே குறித்துக்கொண்டார்.

குறை அருங்காட்சியகத்தில். 2009இல் திறந்த கட்டடம், மேல்தளம் மட்டும் பார்த்தினானுக்கு இணையாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது, கண்ணாடி வழியே கோயில் தெரியும். கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் சிற்பப் பட்டை அதே வரிசையில் அங்கே இருக்கிறது, பழுப்பேறிய கற்கள் அசல், வெள்ளை வெளேரென்று இருப்பவை அச்சு வார்ப்பு. பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு எடுத்துப் போய் 1816இல் பிரிட்டனுக்கு விற்றவை லண்டனில் இருக்கின்றன, பட்டையில் ஏறத்தாழ பாதி. அதீனாவுக்கு எடுத்த பனாதினையா திருவிழாவின் ஊர்வலம் என்று பெரும்பாலோர் சொல்லும் சிற்பம் அது. ஊர்வலம் எதற்குப் போகிறது? அதீனாவுக்குப் புதுப் பெப்லோஸ் ஆடை சாத்த. அந்த ஆடையை மடித்துப் பிடித்திருக்கும் கல் ஏதென்ஸில் இல்லை, வெள்ளை வார்ப்புதான் இருக்கிறது! அத்தனை குதிரைகளும் மனிதர்களும் நடந்து வந்து சேரும் இடத்தில் ஒரு நகல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதற்கு எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். கைடின் தவறு இல்லை, நிறுவனம் போட்ட அட்டவணை அப்படி. போதாததற்கு, காதில் மாட்டக் கொடுத்த கருவி மேல்தளத்துக்கு ஏறும்போதே சார்ஜ் இறங்கிவிட்டது, மாற்றுக் கருவியும் இல்லை. காசு வாங்குகிறவர்கள் இதையாவது கவனிக்க வேண்டாமா?

அப்புறம் பிளாக்கா. அங்கே பேச்செல்லாம் ஈஸ்டரைப் பற்றித்தான். வியாழக்கிழமை முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள், வெள்ளி இரவு இயேசுவின் பாடையைக் குறிக்கும், பூக்களால் மூடிய எபிதாஃபியோஸ் தெருவில் வரும், சனி நள்ளிரவு ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ (கிறிஸ்து உயிர்த்தார்) என்றால் ‘அலிதோஸ் அனெஸ்தி’ (மெய்யாகவே உயிர்த்தார்) என்று பதில் சொல்லி, தேவாலயச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் நிலைவாசல் மேலே அதன் புகையால் சிலுவை போடுவார்கள். கைடு எங்களை வரிசையாக நிறுத்தி அந்தப் பதிலைச் சொல்ல வைத்தார். சனி இரவு முன்பின் தெரியாத ஒரு பாட்டி மெழுகுவத்தியோடு என் பக்கம் திரும்பி வாழ்த்தியபோது திணறாமல் பதில் சொன்னேன்.

அருங்காட்சியகத்துக்கோ, சுற்றுலா முடிந்த மறுநாளே, வியாழக்கிழமை, தனியாகப் போய் மேல்தளத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். நீங்களும் இந்தச் சுற்றுலாவில் சேர்வதானால், அருங்காட்சியகத்துக்கு இன்னொரு நாள் தனிச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.