கிராமியச் சமூகப்பணி முதுமாணி: வன்னிக்கு எடுபடுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கிராமங்களை மையமாக வைத்து நடத்தும் சமூகப்பணி முதுமாணிப் படிப்பில் உருப்படியான பகுதி 'இரட்டை உறவு' பற்றியது. சேவை பெறுபவரே பணியாளரின் சொந்தக்காரராகவோ கடைக்காரராகவோ இருப்பது சின்ன ஊரில் சகஜம். இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் இதே கதைதான். அலுவலக வாகனம் படலையில் நின்றாலே ஊருக்கு விசயம் தெரிந்துவிடும். ஆகவே முதற்சந்திப்பிலேயே இரகசியக் காப்பின் எல்லையைச் சொல்லி, எங்கே சந்திப்பது என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

களப்பயிற்சிதான் இடிக்கும். அங்கத்தைய அங்கீகார விதி குறைந்தது 900 மணித்தியாலம் கேட்கிறது. வாரம் 16 மணித்தியாலம் என்றால் 56 வாரங்களுக்கு மேல். முதுமாணி முடித்த மேற்பார்வையாளர் வன்னியில் இலகுவில் அகப்படமாட்டார். அதை உறுதிசெய்யாமல் கட்டணம் கட்ட வேண்டாம். களப்பயிற்சியைப் பிரதேச செயலகத்தில் வைத்தால் படிவம் நிரப்புவதிலேயே நேரம் கரைந்துவிடும். எழுத்தில் பணிப்பட்டியல் வாங்குங்கள்.

வீட்டுத் தரிசிப்பு அட்டவணையும் வன்னிக்குப் பொருந்தாது. காலபோக விதைப்பு, அறுவடை நாட்களில் பகலில் வீட்டில் ஆளிருக்காது. நுண்கடன் தவணை நாளில் போனால், கடன் அறவிடுபவர் வந்துவிட்டார் என்று கதவு திறக்காது.

குடும்ப உறவு வரைபடப் பயிற்சி நன்று. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரை இறந்தவருக்கான குறியால் குறிக்கவே கூடாது. அவர்களின் தாய்மார் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். தனிக்குறி ஒன்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கொள்கைப் பாடம் முழுக்க அந்த நாட்டுச் சட்டம், மேலோட்டமாக வாசித்தால் போதும்.