தோட்டத்து வீட்டுக்கு ஆர்ச்சர் ஏஎக்ஸ்23: யூனிஃபை லைனில் எப்படி ஓடுகிறது?

டெலிகாம் மலேசியா (டிஎம்) தரும் யூனிஃபை பைபர் லைன் உள்ள வீட்டுக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 ரவுட்டரை வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் கோளாறு பழைய ரவுட்டரில்தானா என்று பார்த்துவிடுங்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் "வைஃபை சரியில்லை" என்று புது ரவுட்டர் வாங்குபவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. தகரச் சுவருக்கும், மடங்கிய பைபர் வயருக்கும், சாயங்கால இடிக்கும் புது ரவுட்டர் மருந்தாகாது.

முதலில் சுவரில் இருக்கும் பைபர் பெட்டியைப் பாருங்கள். டிஎம் ஆட்கள் அதைப் பிடியூ என்பார்கள். அதில் பான் விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று பொருள். வயர் எங்கோ அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது அணில் கடித்திருக்கும். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி தாழ்வாகத் தொங்கும் வயரை இழுத்துப் போவதும் உண்டு. அந்த நேரத்தில் எத்தனை முறை ரவுட்டரை அடைத்துத் திறந்தாலும் பயனில்லை. டிஎம்மின் 100 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பச்சை முனை கொண்ட அந்த வயரைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. மேசைக்குப் பின்னால் நசுங்கியிருந்தால் மட்டும் மெதுவாக விடுவித்து, மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத வளைவில் விடலாம்.

பான் பச்சையாக இருந்தும் இணையம் மெதுவாக இருந்தால், ஒரு லேப்டாப்பை வயர் போட்டு ரவுட்டரில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். வயரில் 300 மெகாபிட் வந்து, படுக்கையறை வைஃபையில் 30 வந்தால் அது இடத்தின் பிரச்சினை. 300 பேக்கேஜ் எடுத்திருந்தும் வயரிலேயே 94, 95-க்கு மேல் ஏறவில்லை என்றால் வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அந்த வயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. ஒன்று அறுந்தால் இணைப்பு முழுதாக நிற்காமல் 1000-லிருந்து 100-க்கு இறங்கிவிடுவது உண்டு. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கேட் 5இ வயர் ஒன்று வாங்கி மாற்றினால் முடிந்தது, ரவுட்டர் காசு மிச்சம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பழையதுதான் குற்றவாளி என்றால், ஏஎக்ஸ்23 நல்ல தேர்வு. வைஃபை 6 வகை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 1201 மெகாபிட். அட்டைப்பெட்டியில் காணும் 1800 என்பது இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமையாக்கிய எண், எந்தக் கைப்பேசிக்கும் அது கிடைக்கப் போவதில்லை. பின்பக்கம் இணையம் உள்ளே வரும் வேன் துளை ஒன்று, வீட்டுக் கருவிகளைச் செருகும் லேன் துளை நான்கு, எல்லாமே கிகாபிட். யூஎஸ்பி துளை இல்லை. ஹார்ட் டிஸ்க் செருகிப் படம் பார்க்க நினைப்பவர்கள் வேறு மாடல் பார்க்க வேண்டும். நான்கு ஆன்டெனாவும் கழற்ற முடியாதவை, ஒன்று முறிந்தால் மாற்ற வழியில்லை.

நம் ஊருக்கு இது பொருந்துவதற்கான காரணம் அந்த எண்களில் இல்லை, அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. யூனிஃபை, இணையத்தை விலான் 500 என்ற எண்ணிட்ட தடத்திலும், பழைய வகை டிவி பெட்டியை 600-லும் அனுப்புகிறது. மேக்சிஸ் பைபரின் இணையத் தடம் 621. இது தெரியாத ரவுட்டரைச் செருகினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு கிடைக்காது. இங்கே விற்கும் ஏஎக்ஸ்23-இல் இரண்டு நிறுவனங்களின் பெயரும் பட்டியலிலேயே இருக்கின்றன, தேர்ந்தெடுத்தால் போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் சீனச் சந்தைக்கான பெட்டியை வாங்கிவிட்டால் இந்தப் பட்டியல் இருக்காது, மெனு சீனத்தில் இருக்கும், பிளக்கும் நம் மூன்று பின் துளையில் ஏறாது. மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொருத்தும்போது வரிசை முக்கியம். பழைய ரவுட்டரை அடைத்து, பிடியூவின் லேன் துளையிலிருந்து வரும் வயரை ஏஎக்ஸ்23-இன் வேன் துளையில் போடுங்கள். பிடியூவை முதலில் திறந்து, பான் விளக்கு நிலைத்த பிறகு ரவுட்டரைத் திறக்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு கைப்பேசியை இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். முதலில் ஐபிடிவி/விலான் பகுதியில் யூனிஃபையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதன் பிறகுதான் இணைப்பு வகையாக, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் லைன் போட்ட நாளில் கொடுத்த தாளில் இருக்கும். பயனர் பெயரின் கடைசியில் வரும் 'அட் யூனிஃபை' என்ற வாலையும் சேர்த்து அடிக்க வேண்டும், நிறையப் பேர் விட்டுவிடுவது அதைத்தான். தாள் தொலைந்துபோயிருந்தால் பழைய ரவுட்டரை ரீசெட் செய்யும் முன்பே 100-க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் விளக்கு பச்சையானால் வேலை முடிந்தது. ஆரஞ்சில் நின்றால் வயர் சரி, விலான் அல்லது கடவுச்சொல் தவறு. எரியவே இல்லையென்றால் வயர். எல்லாம் சரியாக இருந்தும் ஆரஞ்சிலேயே நிற்கிறதா? பழைய ரவுட்டரைத் திடீரென்று பிடுங்கியதால் அதன் இணைப்பு மறுமுனையில் இன்னும் உயிரோடு இருக்கலாம். இரண்டையும் அடைத்துவிட்டு, ஒரு தே தாரேக் கலக்கிக் குடித்துவிட்டு வந்து திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எம்டியூ, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு, 1492-ஐத் தாண்டக் கூடாது. 1500 என்று மாற்றினால் சில பக்கங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும்.

ஸ்மார்ட் கனெக்ட் என்ற வசதி இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் காட்டும். சிசிடிவி, ஸ்மார்ட் பிளக் உள்ள வீட்டில் அதை அணைத்து, இரண்டுக்கும் தனிப் பெயர் வைப்பது நல்லது. அந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். பாதுகாப்பை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் விடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பாட்டியின் பழைய கைப்பேசி வெளியே நிற்கும்.

இனி வீடு. அரைச் சுவர் கல், மேலே பலகை, பின்னால் இழுத்துக் கட்டிய தகரச் சமையலறை என்பது தோட்டத்து வீடுகளில் வழக்கமான அமைப்பு. பலகையை வைஃபை சுலபமாகக் கடக்கும், செங்கல் சுவரில் கொஞ்சம் களைக்கும், தகரத்தில் திரும்பிவிடும். முன்னறையில் டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரவுட்டரின் அலை தகரச் சமையலறைக்குள் போகாது, அது எந்த மாடலாக இருந்தாலும். நடு அறையில் தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். சாமி மேடைப் பலகையில் பிளக் இருக்கிறது என்று அங்கே வைப்பவர்கள் உண்டு. விளக்குச் சூடும் எண்ணெய்ப் புகையும் காற்றுத் துளைகளில் படிந்து, ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பிக்கும். வெதுவெதுப்பைத் தேடி எறும்பும் குடியேறும், அதனால் தரையிலும் வைக்க வேண்டாம்.

பின்பக்கத்துக்கும் வேண்டுமென்றால் சுவர் பிளக்கில் செருகும் ரிப்பீட்டரில் காசைப் போடாதீர்கள். பலவீனமான அலையை வாங்கி அதையே திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். லேன் வயர் ஒன்றைக் கூரை ஓரமாக இழுத்து, பழைய ரவுட்டரை, வயரில் வரும் இணையத்தை வைஃபையாக மட்டும் தரும் அக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றிப் பின்னறையில் வைத்தால் செலவு வயருக்கு மட்டும்தான்.

ஏஎக்ஸ்23-ஐக் குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. மின் ஏற்ற இறக்கத்தைத் தாங்க இதில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை, இந்த விலையில் மற்றவற்றிலும் இருக்காது. டிஎம்மின் பழைய செம்பு வயர் இணையமான ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இடி செம்புத் தொலைபேசி வயர் வழியாகவும் வந்து மோடத்தைக் கொன்றது. பைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வாசல் அடைபட்டுவிட்டது, கரண்ட் வாசல் இன்னும் திறந்தேதான் இருக்கிறது. வானம் கறுத்தால் சுவிட்சை அடைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பிடியூவின் பிளக்கையும் சேர்த்துத்தான், ஏனென்றால் அதில் ஏறும் மின்சாரம் லேன் வயர் வழியாக ரவுட்டருக்கு வரும். இடியில் எரிந்ததற்கு உத்தரவாதத்தில் இடம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கரண்ட் போகும்போதும் இணையம் வேண்டுமென்றால், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் ஏற்ற சின்ன டிசி யூபிஎஸ் வாங்கலாம். ரவுட்டருக்கு மட்டும் வாங்கி பிடியூவை விட்டுவிட்டால் வைஃபை எரியும், இணையம் இருக்காது.

உள்தோட்டங்களில் பைபர் கம்பம் இன்னும் வராத லயங்களில் இருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். இதில் சிம் போடும் இடம் கிடையாது. 3ஜி 2021 கடைசியில் நிறுத்தப்பட்டுவிட்டதால் அவர்களுக்கு வேண்டியது 4ஜி ரவுட்டர், அதுவும் வெளி ஆன்டெனா திருகும் துளை உள்ளதாகப் பார்த்து.